பால் டப்பாவும் இருபது இலக்க எண்ணும்

யாங்கோனில் எங்கள் தெருமுனைக் கடையில் இன்றைக்கும் அரிசியைப் பால் டப்பாவால் அளந்துதான் கொடுக்கிறார்கள். கெட்டிப்பால் தீர்ந்த தகர டப்பா. மேல்தகட்டை எடுத்துவிட்டு விளிம்பைத் தட்டிச் சமப்படுத்தியிருப்பார்கள். எட்டு டப்பா சேர்ந்தால் ஒரு பியி. பதினாறு பியி சேர்ந்தால் ஒரு கூடை. பர்மியர் அந்தக் கூடையைத் 'தின்' என்பார்கள். அரிசி என்றால் கூடைக்கு ஏறத்தாழ 34 கிலோ நிற்கும். ஆக ஒரு கூடைக்கு எட்டுப் பதினாறு 128 டப்பா.

இந்த 128-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் எண் இருபது இலக்கம் நீளமானது. அதை எந்தப் பக்கமிருந்து தொட்டாலும் இந்தக் கூடைக் கணக்கு எதிரே வந்து நிற்கும்.

எண் இதுதான்: 1,84,46,74,40,73,70,95,51,615.

வாய்விட்டுச் சொல்ல வேண்டுமென்றால், 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615. கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். 1960-களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனபின் இங்கே தமிழ் பெரும்பாலும் கோயில்களை அண்டியே பிழைத்தது, அதனால் கணக்கும் அங்கேயே நடக்கிறது. இந்த எண்ணைப் பலகையில் எழுதியபோது ஒரு பிள்ளை, "சயா, இதுல எத்தனை தெயின் இருக்கு?" என்று கேட்டாள். பர்மியில் 'சயா' என்றால் ஆசிரியர், 'தெயின்' என்றால் லட்சம். பத்து லட்சத்துக்கும் ஒரு சொல் உண்டு. கோடிக்கும் உண்டு, அது பாலி வழியாக வந்த அதே 'கோடி'தான். அதற்கு மேல் பேச்சில் யாருக்கும் தேவைப்படுவதில்லை. இந்த எண்ணுக்கோ கோடியைக் கோடியால் பெருக்கிய பிறகும் போதவில்லை.

இவ்வளவு பெரிய எண்ணை உண்டாக்க வேண்டியது ஒரே ஒரு வேலைதான், இரட்டிப்பது.

சதுரங்கப் பலகைக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 13-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் என்ற அரபு நூலாசிரியர் எழுதி வைத்திருக்கிறார்: ஆட்டத்தைக் கண்டுபிடித்த சிஸ்ஸா என்பவர், முதல் கட்டத்துக்கு ஒரு தானிய மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று 64 கட்டத்துக்கும் இரட்டித்துக்கொண்டே போய்த் தரும்படி மன்னனிடம் கேட்டார். அங்கே அது கோதுமை. நமக்கு அரிசி என்றே வைத்துக்கொள்வோம். பர்மியச் சதுரங்கமான சிட்டுயினுக்கும் பலகையில் அதே 64 கட்டங்கள்தான். மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் கூடுதலாக இழுத்திருப்பார்கள், அவ்வளவே வேறுபாடு.

வகுப்பில் தரையில் சாக்கட்டியால் பலகை வரைந்து உண்மையிலேயே அரிசி வைத்தோம். 1, 2, 4, 8, 16, 32, 64. எட்டாவது கட்டத்தில், முதல் வரிசை முடியும் இடத்தில், 128 மணி. ஒரு கூடைக்கு எத்தனை டப்பாவோ அத்தனை மணி. வரிசை முழுவதும் சேர்த்து 255 மணி, ஒரு தேக்கரண்டி அளவுதான் இருந்தது. இரண்டாம் வரிசையில் பாதிகூடப் போகவில்லை, பிள்ளைகளுக்கு எண்ணிக் கை ஓய்ந்துவிட்டது.

மேற்கொண்டு தாளில் போட்டோம். கிராமுக்கு ஏறத்தாழ 40 மணி என்று வைத்துக்கொண்டால், இரண்டு வரிசை நிரம்பும்போது 65,535 மணி, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். இன்னும் ஒரு பியிகூட ஆகவில்லை. மூன்றாம் வரிசை முடிந்தால் பன்னிரண்டு கூடை. பலகையில் பாதி முடியும்போது 107 டன். நாற்பதாவது கட்டத்தில் ஒரு கப்பல் சரக்கு. 48-ஆவது கட்டத்தில் மொத்தம் 70 லட்சம் டன். இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா, ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன். ஐராவதிக் கழிமுகம் முழுவதும் உழுது, எங்கள் தாத்தாக்கள் ஆலைகளில் மூட்டை சுமந்து, துறைமுகத்தில் கப்பலேற்றிய அரிசி அது. அந்த ஏற்றுமதியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வைத்தாயிற்று, பலகையில் இன்னும் இரண்டு வரிசை காலி. 64-உம் நிரம்பினால் 46,000 கோடி டன்னைத் தாண்டிவிடும். இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல். அப்படியென்றால் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டு விளைச்சல்.

இந்தக் கூட்டுத்தொகைதான் நம் எண். 64 எண்களை ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டாம். முதல் கட்டத்தில் ஒரு மணி இருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரே ஒரு அரிசி கடன் வாங்கி அதோடு சேருங்கள். இரண்டாகிவிடும். இரண்டாம் கட்டத்திலும் இரண்டு, சேர்த்தால் நான்கு. மூன்றாம் கட்டத்திலும் நான்கு, சேர்த்தால் எட்டு. இப்படியே தள்ளிக்கொண்டு போனால் 64 கட்டமும் காலியாகி, இல்லாத 65-ஆம் கட்டத்துக்கு உரிய குவியல் முழுசாக வந்து நிற்கும். அது 2-இன் 64-ஆம் அடுக்கு, அதாவது 64 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது. கடன் வாங்கிய ஒரு மணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மிச்சம் நம் எண். எனவே அதன் சுருக்கப் பெயர், 2-இன் 64-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு.

64 தடவை பெருக்கத் தேவையில்லை என்பதும் சுவையான செய்தி. 2-ஐ வர்க்கமாக்கினால் 4. அதை வர்க்கமாக்கினால் 16. பிறகு 256, 65,536, 4,29,49,67,296. இன்னொரு தடவை வர்க்கமாக்கினால் வேலை முடிந்தது. ஆறே ஆறு பெருக்கல். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன் அல்-பிரூனி என்ற அறிஞர் இப்படி வர்க்கத்தின் மேல் வர்க்கமாக ஏறித்தான் இந்த இருபது இலக்கத்தையும் பிழையில்லாமல் எழுதினார். கைக்கணக்கு. எனக்கு அவரை நினைத்தாலே மரியாதை வருகிறது.

கணினிக்கும் இந்த எண் நெருங்கிய உறவு. கணினி எண்களை 0, 1 என்ற இரண்டு இலக்கத்திலேயே எழுதும். அதற்கு 64 இடம் கொடுத்து, எல்லா இடத்திலும் 1 போட்டால் வரும் எண் இதே எண்தான். ஒவ்வொரு இடமும் பலகையின் ஒரு கட்டம் என்று பாருங்கள், புரிந்துவிடும். உங்கள் கைபேசி ஒரே மூச்சில் பிடிக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இனி இந்த எண்ணைப் பிரித்துப் பார்க்கலாம். எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக உடைக்கலாம். பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாதது, 2, 3, 5, 7, 11 போல.

நம் எண் 5-இல் முடிகிறது, அதனால் 5-ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87. அது 3-ஆல் வகுபடும், எனவே எண்ணும் 3-ஆல் வகுபடும். 87 ஒன்பதால் வகுபடாது, எனவே எண்ணும் வகுபடாது. இலக்கம் கூட்டி ஒன்பது பார்க்கும் வழக்கம் இந்த நாட்டில் பெரியவர்களுக்கு வேறொன்றை நினைவுபடுத்தும். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 45, 90 என்று புது நோட்டுகள் வந்தன, இரண்டும் ஒன்பதால் வகுபடுபவை. பெட்டியில் சேர்த்து வைத்திருந்த நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதமான வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. பாட்டி கடைசிவரை ஒன்பது என்ற சொல்லையே தவிர்த்து 'எட்டுக்கு அடுத்தது' என்பாள்.

3, 5 கண்டாயிற்று. மற்றவற்றைத் தேடி இருபது இலக்கத்தோடு வகுத்தல் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். பதினாறு புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு என்று சதுரமாக அடுக்குங்கள். கடைசி வரிசையின் ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்துவிடுங்கள். பதினைந்து இருக்கிறது. கடைசி வரிசையில் மிஞ்சியிருக்கும் மூன்றையும் எடுத்து, மேலே உள்ள மூன்று வரிசைகளின் முனையில் ஆளுக்கு ஒன்றாக வையுங்கள். இப்போது மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து. பதினைந்து, மூவைந்தாகப் பிரிந்துவிட்டது.

இதைச் செய்து பார்க்காமல் படித்துவிட்டுப் போகாதீர்கள். புளியங்கொட்டை இல்லையென்றால் அரிசி போதும். எந்தச் சதுரத்திலும் ஒன்றை எடுத்தால் இப்படித்தான் நடக்கும்: ஒரு வரிசை குறையும், மற்ற வரிசைகள் ஒன்று நீளும். 16-க்குப் பதினாறு அடுக்கி ஒன்றை எடுத்தால் 255, அது 15 வரிசை, வரிசைக்கு 17.

நம் எண்ணும் ஒரு சதுரத்தில் ஒன்று குறைந்ததுதான். ஆறாவது வர்க்கத்தில் வந்தோமே, 4,29,49,67,296 வரிசை உள்ள சதுரம். ஒரு மணியை எடுத்துவிட்டால், 4,29,49,67,295-ஐ 4,29,49,67,297-ஆல் பெருக்கியதாக மாறிவிடும். முதலாவது மறுபடியும் ஒரு சதுரத்தில் ஒன்று குறைந்தது, அது 65,535-உம் 65,537-உம். 65,535 மறுபடியும் அப்படியே, 255-உம் 257-உம். 255 என்பது 15-உம் 17-உம். 15 என்பது 3-உம் 5-உம். வர்க்கமாக்கி வர்க்கமாக்கி ஏறிய படிகளிலேயே இறங்கி வந்திருக்கிறோம். கையில் கிடைத்தவை 3, 5, 17, 257, 65,537, கடைசியாக 4,29,49,67,297.

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவது எப்படி?

17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா, 1640 வாக்கில், இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாமே பகா எண்களாக இருக்கும் என்று நம்பினார். 2-ஐத் திரும்பத் திரும்ப வர்க்கமாக்கி ஒன்று கூட்டினால் வருபவை இவை, இன்றும் பெர்மா எண்கள் என்றே சொல்கிறோம். ஐந்து எண்கள் சரியாக இருந்தன. ஆறாவது சோதிக்கப் பெரிதாக இருந்தது. 1732-இல் ஆய்லர் என்ற கணித மேதை அதை உடைத்துக் காட்டினார்: 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கினால் 4,29,49,67,297.

641 எங்கிருந்து முளைத்தது? ஆய்லர் கண்மூடித்தனமாகத் தேடவில்லை. இந்த எண்ணுக்குக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கில் ஒன்று கூடியதாகத்தான் இருக்க முடியும் என்று அவர் நிறுவினார், அப்படியானால் தேட வேண்டிய இடம் மிகவும் குறுகிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இன்னும் இறுக்கினார்: 64 போதாது, 128-இன் மடங்கில் ஒன்று கூடியதாக இருக்க வேண்டும். இதோ நம் கூடை திரும்ப வந்துவிட்டது. 641 டப்பா என்பது ஐந்து கூடையும் ஒரு டப்பாவும். 67,00,417 டப்பா என்பது 52,347 கூடையும் ஒரு டப்பாவும். எத்தனை கூடை நிரம்பினாலும் இரண்டிலும் சரியாக ஒரே ஒரு டப்பா மிஞ்சுகிறது. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று நான் கடைக்காரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "மிஞ்சின டப்பாவை நான் சும்மாவே குடுத்துருவேன் சயா" என்றார்.

641 உண்மையிலேயே மீதியின்றி வகுக்கிறது என்பதை வகுக்காமலே காட்டலாம். நான் அறிந்த எளிய நிறுவல்களில் இதைவிட அழகானது இல்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

641-ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 640-உம் 1-உம், அதாவது ஐந்து கூடையும் ஒரு டப்பாவும். இன்னொன்று, 625-உம் 16-உம். 625 என்பது நான்கு ஐந்துகளைப் பெருக்கியது, 16 நான்கு இரண்டுகளைப் பெருக்கியது.

640 என்ற எண் 641-க்கு ஒன்று குறைவு. ஒன்று குறைவான எண்ணை அதனாலேயே பெருக்கினால் ஒன்று மிகுதியாக வரும். சிறிய எண்ணில் பாருங்கள்: 6 என்பது 7-க்கு ஒன்று குறைவு, ஆறாறு 36, அது ஐயேழு முப்பத்தைந்தைவிட ஒன்று கூட. அதேபோல் 640-ஐ 640-ஆல் பெருக்கி 641-ஆல் வகுத்தால் மீதி 1. நான்கு 640-களைப் பெருக்கினாலும் மீதி 1-தான், ஏனென்றால் மீதி 1 உள்ள இரண்டைப் பெருக்கினால் மீதி மறுபடி 1.

நான்கு 640-கள் என்றால் உள்ளே என்ன இருக்கிறது? 640 என்பது 5 பெருக்கல் 128. 128 என்பது ஏழு இரண்டுகள். எனவே நான்கு ஐந்துகளும் இருபத்தெட்டு இரண்டுகளும். நான்கு ஐந்துகள் 625. ஆனால் 625 என்பது 641-க்குப் பதினாறு குறைவு. ஆகவே அந்தப் பெருக்கல், 641-இன் ஏதோ ஒரு மடங்குக்கு 'பதினாறு பெருக்கல் இருபத்தெட்டு இரண்டுகள்' குறைவு. பதினாறே நான்கு இரண்டுகள்தான். சேர்த்தால் முப்பத்திரண்டு இரண்டுகள், 4,29,49,67,296.

ஒரே எண், ஒரு மடங்கைவிட 1 கூட. இன்னொரு மடங்கைவிட 4,29,49,67,296 குறைவு. அந்த இரண்டு மடங்குகளுக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டையும் கூட்டியது, 4,29,49,67,297. இரண்டு மடங்குகளுக்கு இடைப்பட்ட தூரமும் மடங்குதானே. முடிந்தது.

ஆக நம் இருபது இலக்க எண்ணின் முழு உடைப்பு: 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417. ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. எதுவும் இரட்டையாக வரவில்லை, அதனால் 1-ஐத் தவிர எந்த வர்க்க எண்ணாலும் இது வகுபடாது.

65,537-க்கு அப்பால் பெர்மா வரிசையில் இதுவரை இன்னொரு பகா எண் கிடைக்கவில்லை. கிடைத்த ஐந்தும் வடிவக்கணிதத்தில் பெயர் பெற்றவை. அளவுகோலும் காம்பஸும் மட்டும் கொண்டு பக்கமும் கோணமும் சமமான 17 பக்க உருவத்தை வரைய முடியும் என்று 1796-இல் காட்டியபோது கணித மேதை காஸுக்கு இன்னும் பத்தொன்பது வயது நிரம்பவில்லை. 257-க்கும் 65,537-க்கும் கூட அப்படி வரையலாம். ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் 65,537 பக்க உருவம் வரையும் முறைக்குப் பத்தாண்டு உழைத்தார், அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கனில் இருக்கிறது. இந்த ஐந்தையும் பெருக்கினால் 4,29,49,67,295. இப்படி வரையலாம் என்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பக்க உருவங்களில் மிகப் பெரியது அதுதான். அது பலகையில் பாதி நிரம்பும்போது இருந்த அரிசியின் எண்ணிக்கை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கடைசியாக, வகுப்பில் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வீட்டுக்கணக்கு. இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் எத்தனை? ஒன்றும், எண்ணும் உட்பட. அவள் மறு வாரம் பட்டியல் ஒன்றும் எழுதாமல் வந்தாள். ஏழு பகா எண்களையும் ஏழு டப்பாவாக வரிசையாய் வைத்துக்கொண்டாளாம். ஒவ்வொரு வகுக்கும் எண்ணுக்கும் ஒவ்வொரு டப்பாவையும் எடுக்கலாம், அல்லது விடலாம். எதையும் எடுக்காவிட்டால் 1, எல்லாவற்றையும் எடுத்தால் எண் முழுவதும். டப்பாவுக்கு இரண்டு வழி, ஏழு டப்பாவுக்கு இரண்டை ஏழு முறை பெருக்க வேண்டும்.

"ஒரு கூடை, சயா" என்றாள்.